விற்பனை கூடியது விளம்பரத்தாலா, ஆடி மாதத்தாலா?

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஆடி பிறந்ததும் ஊர் முழுக்க பிளெக்ஸ் வைக்கிறார். அந்த மாதம் கல்லா நிறைகிறது. பிளெக்ஸுக்குப் போட்ட காசு வந்துவிட்டது என்கிறார். சரி, பிளெக்ஸே வைக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு விற்றிருக்கும்? ஆடித் தள்ளுபடிக்கு எப்படியும் கூட்டம் வரும். அதில் பிளெக்ஸைப் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

வியாபாரத்தில் அறிவியல் என்றதும் பெரிய கணக்கு, கம்ப்யூட்டர், படித்த ஆட்கள் என்றுதான் பலருக்குத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால் 'செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதில் முக்கால்வாசி. பதில் தேட வியாபாரிகள் நாலு வழிகளில் போகிறார்கள்: முதலாளியின் அனுபவம், வாடிக்கையாளரிடமே கேட்பது, முன்னும் பின்னும் கணக்குப் பார்ப்பது, பாதிப் பேருக்கு மட்டும் மாற்றிப் பார்ப்பது.

அனுபவத்துக்குச் செலவில்லை, நேரமும் பிடிக்காது. முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர் மேகத்தைப் பார்த்தே நாளைக்கு எவ்வளவு காய் எடுக்கலாம் என்று சொல்லிவிடுவார். அதை நான் நம்புவேன். ஏனென்றால் மழையும் காய் விற்பனையும் அவர் கண்முன் ஆயிரம் தடவை நடந்தவை. தப்பாகக் கணித்தால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். இதுவரை செய்யாத ஒன்றைச் செய்யும்போதுதான் இந்த வழி காலை வாரிவிடுகிறது. ஆப்பிளின் கடைகளை வெற்றிகரமாக நடத்திய ரான் ஜான்சன், 2011 இறுதியில் அமெரிக்காவில் பல ஊர்களில் பெரிய கடைகள் நடத்தும் ஜே.சி.பென்னி நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். கூப்பன், திடீர் தள்ளுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எப்போதும் ஒரே நியாய விலை என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பத்துக் கடையில் போட்டுப் பார்ப்போம் என்று நிற்காமல், சுமார் 1,100 கடைகளிலும் ஒரே வீச்சில் கொண்டுவந்தார். ஒரு வருடத்தில் விற்பனை 17.3 பில்லியன் டாலரிலிருந்து 13 பில்லியனுக்கு இறங்கியது. 2013 ஏப்ரலில் அவரும் வெளியேறினார். அந்தக் கடைக்கு வந்தவர்களுக்குக் கூப்பனைக் கத்தரித்துக் கொண்டுவருவதே ஒரு சுகம் என்பது ஆப்பிள் கடை அனுபவத்தில் தெரிய வழியில்லை.

வாடிக்கையாளரிடமே கேட்டுவிட்டால்? நாலில் எனக்கு நம்பிக்கை குறைந்த வழி இது. கோகோ கோலா நிறுவனம் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் 1985 ஏப்ரல் 23 அன்று புதுச் சுவையை அறிவித்தது. ஜூலை 11 அன்று பழையதைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு மடக்குக் குடித்து எது இனிப்பு என்று சொல்வது வேறு, பழகிய பானம் கடையிலிருந்து காணாமல்போவது வேறு. நம் ஊரிலும் 'வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் வாங்குவீர்களா' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது நமக்கு வராத விஷயம். ஒன்று மட்டும் இதற்குச் சாதகம்: வாங்காமல் போனவர் ஏன் போனார் என்பதைக் கேட்டால்தான் தெரியும். கல்லாக் கணக்கு அதைச் சொல்லாது.

அதிகம் பேர் போகும் வழி மூன்றாவது. போன மாதம் இவ்வளவு, ஆஃபர் போட்டபின் இவ்வளவு, ஆக ஆஃபர் பலித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நடுவில் சம்பளத் தேதி வந்திருக்கும், முகூர்த்தம் வந்திருக்கும், எதிர்க்கடைக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருப்பார். இவற்றையாவது யோசித்தால் பிடித்துவிடலாம். பிடிபடாதது இன்னொன்று. ஆஃபர் எப்போது போடுகிறோம்? விற்பனை படுத்துக் கிடக்கும்போது. வழக்கத்தைவிட மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம், நாம் எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும். தலைவலி உச்சத்தில் இருக்கும்போது தைலம் தடவுகிறோம், கொஞ்ச நேரத்தில் குறைகிறது, பேர் தைலத்துக்குப் போகிறது.

சின்னக் கடைகள் மட்டும்தான் இதில் ஏமாறும் என்றில்லை. இணையச் சந்தையான ஈபே நிறுவனம் கூகுள் போன்ற தேடுபொறிகளில் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் நிறைய வாங்கினார்கள். வழக்கமான கணக்குப்படி லாபம் ஆயிரக்கணக்கான சதவீதத்தில் வந்தது. 2012 மார்ச்சில், அங்கே வேலை பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள் யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் 'ஈபே' என்ற பெயருக்கான விளம்பரத்தை நிறுத்தினார்கள், கூகுளில் தொடர்ந்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த சொடுக்குகளில் 99.5 சதவீதம், அதற்குக் கீழேயே இருந்த இலவச இணைப்பு வழியாக வந்துசேர்ந்தன. ஈபே என்று தட்டச்சு செய்கிறவர் ஈபேக்குத்தானே போகிறார்! வாசலில் நிற்கும் ஆளுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நோட்டீஸால் வந்தார் என்று எழுதிக்கொண்ட மாதிரி. அடுத்ததாக அமெரிக்காவின் சந்தைப் பகுதிகளில் சுமார் 30 சதவீதத்தில், 'ஈபே' என்ற பெயர் இல்லாத மற்ற சொற்களுக்கான கூகுள் விளம்பரத்தையும் நிறுத்திப் பார்த்தார்கள். விற்பனையில் பெரிய மாற்றமே இல்லை. போட்ட 100 டாலருக்கு 63 டாலர் நஷ்டம் என்று கணக்கு வந்தது. புதியவர்களையும் எப்போதாவது வருகிறவர்களையும் மட்டும் விளம்பரம் கொஞ்சம் இழுத்தது. ஆனால் செலவில் பெரும்பகுதி, எப்படியும் வருகிற பழைய வாடிக்கையாளர்களுக்கே போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் செய்தது நாலாவது வழி. இது கடைவீதியில் பிறந்தது அல்ல, வயலில். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் உர ஆய்வுகளைக் கவனித்தார். ஒரு வயலின் மண் இன்னொன்றைப் போல் இருக்காது. நல்ல மண்ணில் உரம் போட்டுவிட்டு உரத்தைப் புகழ்ந்தால் என்ன அர்த்தம்? எந்தப் பாத்திக்கு உரம் என்பதை நம் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டால், மண்ணின் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் கலந்துவிடும். இணையக் கடைகள் இன்று வாடிக்கையாளர்களை இப்படித்தான் பிரிக்கின்றன. 2012-ல் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில், விளம்பரத் தலைப்பை நீளமாக்கலாம் என்று ஓர் ஊழியர் சொன்ன யோசனை ஆறு மாதத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்த்தபோது வருமானம் 12 சதவீதம் ஏறியது, அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். அந்த யோசனையை ஒதுக்கி வைத்தவர்களும் அனுபவசாலிகள்தான்.

அப்படியானால் எல்லாரும் இதையே செய்யலாமா? இங்கேதான் விலை தெரிகிறது. 100 பேர் வந்தால் 5 பேர் வாங்கும் கடையில், அது 6 ஆனதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 8,000 பேர் வேண்டும். தினம் 200 பேர் வரும் கடைக்கு 80 நாள். 5 என்பது 10 ஆகும் அளவுக்குப் பெரிய மாற்றம் என்றால் பக்கத்துக்கு 450 பேர் போதும், ஐந்து நாளில் முடிந்துவிடும். ஆகவே சின்னக் கடைக்காரர் கடைப் பையின் கலரை மாற்றிச் சோதித்துக்கொண்டிருப்பது வீண். விலை, சரக்கு, கடை திறக்கும் நேரம் போன்ற பெரிய விஷயங்களில் மட்டும் இறங்கலாம். எத்தனை நாள் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். தினமும் எட்டிப் பார்த்து, ஜெயிக்கிற மாதிரி தெரிந்த அன்றே நிறுத்தினால் அதுவும் பனம்பழக் கணக்குதான்.

ஆளைப் பிரித்து விலை வைப்பதிலும் வம்பு இருக்கிறது. 2000-ல் அமேசான் டிவிடிகளுக்கு ஆளுக்கொரு விலை காட்டிச் சோதித்தது வெளியே தெரிந்து, 6,896 பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. முகம் தெரியாத இணையத்திலேயே இப்படி என்றால், தெருவில் ஒரு அக்காவுக்கு 40 ரூபாய், பக்கத்து வீட்டு அக்காவுக்கு 45 என்றால் அன்றைக்கே பஞ்சாயத்து.

அதனால் பேக்கரி, மளிகை, ஹோட்டல் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது ஆளுக்குப் பதில் நாளைப் பிரிப்பது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அடுத்த ஆறு வாரத்துக்குப் பூவா தலையா போட்டு, தேதித்தாளின் பின்பக்கம் குறித்துவிடுங்கள். சோதிப்பது ஒரு காம்போ, அதாவது சில பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுப்பது என்றால், பூ விழுந்த நாளில் காம்போ உண்டு, தலை விழுந்த நாளில் இல்லை. வாரக்கடைசி எல்லாம் ஒரே பக்கம் விழுந்துவிடாமல் இருக்க, சனி ஞாயிறுக்குத் தனியாகச் சுண்டுங்கள். நேற்று வாங்கியவர் இன்று வாங்காமல் போகலாம் என்பதால் ஆளைப் பிரிப்பது போன்ற துல்லியம் இதில் வராது. ஆனாலும் முன்-பின் கணக்கைவிட இது எவ்வளவோ மேல். ராத்திரி கல்லாவை எண்ணி, கிழித்த தாளின் பின்னால் தொகையை எழுதி ஊசியில் குத்தி வையுங்கள். முகூர்த்தமா, அமாவாசையா என்பது முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்.