தீபாவளி லேகியம்: பொட்டலமா, பொடியா, புட்டியா?

ஐப்பசி நெருங்கும்போதே நாட்டு மருந்துக் கடைகளில் லேகியச் சாமான் முன்வரிசைக்கு வந்துவிடும். சென்னையில் மயிலாப்பூர் கச்சேரி சாலை டப்பா செட்டி கடை போன்ற பழைய கடைகளில் அந்த நாட்களில் கூட்டம் நெரியும். சரக்கு மூன்று உருவில் கிடைக்கிறது. சுக்கு, திப்பிலி எல்லாவற்றையும் முழுசாகவே அளந்து கட்டின பொட்டலம் ஒன்று. அரைத்துச் சலித்த பொடி பாக்கெட் இன்னொன்று. கிளறிப் புட்டியில் அடைத்த தயார் லேகியம் மூன்றாவது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான இரண்டு பேர் மட்டும் தீபாவளியைக் கொண்டாடும் வீட்டுக்கு இவற்றில் எது ஒத்துவரும் என்று பார்ப்போம். அதிரசம் தட்டவும் முறுக்கு பிழியவும் கை ஓயாத காலம் போய்விட்டாலும், விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நாக்கில் கொஞ்சம் லேகியம் பட்டால்தான் தீபாவளி வந்த மாதிரி இருக்கும்.

எங்கள் தேர்வு பொடி பாக்கெட். வெல்லத்தின் அளவு நம் கையில் இருக்கும், இடிக்கிற பாடு இல்லை, வேண்டிய அளவு மட்டும் கிளறிக்கொள்ளலாம்.

பொட்டலத்தில் மணம் மற்ற இரண்டையும் விடத் தூக்கலாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறுபது எழுபது வயது மணிக்கட்டுக்கு அது கடினமான வேலை. கண்டதிப்பிலி நார் ஓடின குச்சி. சித்தரத்தை கல் மாதிரி. இரண்டையும் உரலிலோ இடிகல்லிலோ நசுக்காமல் மிக்ஸியில் போட்டால் பிளேடு சிக்கும், ஜாரும் கீறும். சுக்கை மேல்தோல் சீவிவிட்டுத்தான் போட வேண்டும். "சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கின சுக்கு கிடைத்தால் சீவுவது இன்னும் அவசியம். துளை விழுந்த சுக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது சுருங்கி, நீள்வட்டமாக, மங்கின பச்சை கலந்த பழுப்பில் இருக்கும்.

உதவிக்கு ஆள் இருந்து பொட்டலமே வேண்டும் என்றால் இந்த அளவு சரியாக வரும்: தனியா 25 கிராம், சுக்கு, ஓமம், சீரகம் ஒவ்வொன்றும் 15 கிராம், மிளகு, அரிசித் திப்பிலி, கண்டதிப்பிலி ஒவ்வொன்றும் 10 கிராம், சித்தரத்தை 5 கிராம். வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வாசனை எழும்வரை புரட்டினால் போதும். சிவக்க விட்டால் சீரகமும் ஓமமும் கசந்து மொத்த லேகியத்தையும் கெடுத்துவிடும். அரைத்துச் சலித்தால் கப்பி போக 80, 85 கிராம் தேறும்.

பொடி பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது அரைத்த மாதம். போன தீபாவளியில் விற்காமல் நின்ற சரக்கு மறு வருஷம் வெளியே வருவதுண்டு. மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேண்டாம். பிரித்ததும் ஓமம் மூக்கில் ஏற வேண்டும். ஓம வாசனை பறந்துபோன பொடியில் வெறும் காரம்தான் மிஞ்சியிருக்கும். பிறகு இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள், திருநீறு போல வழுக்க வேண்டும். நறநறத்தால் தனியாத் தொலியும் கண்டதிப்பிலி நாரும் சரியாகச் சலிக்கப்படவில்லை. இளவயதுத் தொண்டை இதைத் தாங்கும். வயதானால் எச்சில் குறைகிறது, பல்செட்டுக்கு அடியில் நார் போய் உட்கார்ந்துகொள்கிறது, இருமல் கிளம்புகிறது. எந்தக் கடைப் பொடியானாலும் மெல்லிய பருத்தித் துணியில் ஒருமுறை சலித்துவிடுங்கள். சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்பார்கள். ஐந்து நிமிட வேலைதான், லேகியத்தின் பதத்தையே மாற்றிவிடும்.

கிளறும் முறை: 50 கிராம் பொடியை 150 மி.லி. வெந்நீரில் அரை மணி ஊற விடுங்கள். 100 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, சூடு காட்டி, மண் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். அடி கனத்த வாணலியில் ஊறின பொடியை ஊற்றிச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதித்து பச்சை வாசனை போனதும் வெல்லத் தண்ணீரைச் சேருங்கள். பாகு தனியாக வைக்கவே கூடாது. கம்பிப் பதம் வந்த பாகில் பொடியைக் கொட்டினால் ஆறினதும் கமர்கட் மாதிரி இறுகிவிடும், பல்செட் போட்டவர்கள் தொட முடியாது. கெட்டியாக ஆரம்பித்ததும் நெய் 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். ஓரத்தில் எண்ணெய் கக்கி, கரண்டியோடு சுருண்டு வரும்போது இறக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் இருக்கட்டுமே என்று தோன்றுகிற அந்தச் சமயமே சரியான சமயம், ஏனென்றால் ஆற ஆற அது தானே கெட்டிப்படும். முழுக்க ஆறினபின் தேன் ஒரு மேசைக்கரண்டி.

மொத்தம் 230 கிராம் அளவு வரும். இறுகிப்போனால் பயப்பட வேண்டாம். இரண்டு கரண்டி வெந்நீரும் ஒரு கரண்டி நெய்யும் விட்டுச் சிறு தீயில் வைத்தால் இளகிக் கொடுக்கும். உலர்ந்த கண்ணாடிப் புட்டி, உலர்ந்த கரண்டி. வெளியில் இரண்டு வாரம், குளிர்பெட்டியில் இரண்டு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஈரக் கரண்டி ஒருமுறை பட்டால்கூடப் பூசணம் பிடிக்கும்.

தயார் லேகியப் புட்டியைக் குறை சொல்ல முதல் காரணம் இனிப்பு. உணவுப் பொருளாக விற்கிற புட்டியின் லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. வெல்லம் முதலில் வருவது இயல்புதான், வீட்டு லேகியத்திலும் அப்படித்தான். வெல்லத்தோடு சர்க்கரையும் குளுக்கோஸ் சிரப்பும் சேர்ந்து முன்னால் நின்று, மருந்துச் சரக்கெல்லாம் வாலில் தொங்கினால் அது மிட்டாய், லேகியமல்ல. ஆனாலும் தனியாக இருப்பவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், அடுப்பருகே இருபது நிமிடம் நிற்க முடியாதவர்கள் தயங்காமல் புட்டியே வாங்கலாம். 100 கிராமுக்கு மேல் வேண்டாம். மேலே போட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத புட்டிக்குத்தான், திறந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

இனி உடம்பு விஷயம். ஐப்பசி மழையில் மந்தித்த வயிற்றுக்கு லேகியம் இதமானது, வாயு பிரியும், பசி எடுக்கும். பஜ்ஜியும் பலகாரமும் அளவில்லாமல் தின்ன அது உரிமைச் சீட்டு அல்ல. வயதானவர்களுக்கு அளவு சுண்டைக்காய்தான், நெல்லிக்காய் அல்ல. 5 கிராம் லேகியத்தில் வெல்லம் மட்டும் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், சுண்டைக்காயளவில் அதைவிடக் குறைவு. நெல்லிக்காயளவு என்றால் அது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமமாகிவிடும். வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். வெல்லத்தை 60 கிராமாகக் குறைத்தும் கிளறலாம். காரம் தூக்கும், வைத்திருக்கும் காலமும் குறையும், அதனால் நேராகக் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தீபாவளியன்று ஆபத்து சர்க்கரை ஏறுவது மட்டுமல்ல, இறங்குவதும்தான். விடியலில் எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பூஜை முடிய எட்டு மணி ஆகும். வழக்கமான நேரம் என்று ஆறரைக்கே இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு இட்லிக்குக் காத்திருந்தால் வியர்த்துத் தலை சுற்றும். உணவுக்கு முன் போடுகிற ஊசியும் மாத்திரையும் இலையில் உணவு தயாரான பிறகுதான். பூஜை தாமதமாகும் என்றால் இலையை முன்னால் போட்டுவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் மிளகும் சுக்கும் சாப்பிடாமல் இரண்டு இட்லிக்குப் பிறகு எடுத்துக்கொள்ளட்டும். அதிமதுரம் சேர்த்த பொடிகள் உண்டு. ஒருநாள் நாக்கில் தடவுவது வேறு, வாரக்கணக்கில் தினமும் சாப்பிடுவது வேறு. அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், முக்கியமாக நீர் மாத்திரை எடுப்பவர்கள், அது இல்லாத பொடியாகப் பார்த்து வாங்குங்கள். மிளகு, திப்பிலியில் உள்ள பைப்பரின் சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். வலிப்புக்கான பெனிட்டாயின், இதயத்துக்கான ப்ராப்ரனலால் அவற்றில் இரண்டு. இவற்றையோ ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ எடுப்பவர்கள் லேகியத்தைத் தினப்படி வழக்கமாக்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒட்டும் பண்டமான இதைக் கொடுக்கவே வேண்டாம். நாக்கில் ருசி மட்டும் காட்டப் போய் புரையேறினால் பெரிய ஆபத்து.

100 கிராம் பொடி பாக்கெட்டாக வாங்கி, மற்ற அளவுகளையும் இரட்டித்துக் கிளறினால் 50 கிராம் புட்டி ஒன்பது தேறும். ஒன்று வீட்டுக்கு. மற்றவை வருஷம் முழுக்கத் தாங்கின கைகளுக்கு: மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மருந்துக்கடைப் பையன், அதிகாலைப் பால்காரர், மூட்டுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர், ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்த எதிர்வீட்டுக்காரர். கடையில் வாங்கின இனிப்பு டப்பா அவர்கள் வீட்டில் பத்தோடு பதினொன்று. வீட்டில் கிளறின லேகியத்தை நன்றியோடு நீட்டினால் வாங்குகிறவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். தீபாவளிக்கு முந்தின சாயங்காலமே கொடுத்துவிடுங்கள், மறுநாள் விடியலில் அவர்களுக்கும் பயன்படும். புட்டியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: கிளறிய தேதி, "சுண்டைக்காயளவு போதும்", "தேன் சேர்ந்தது, ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்". கர்ப்பிணி இருக்கும் வீடென்றால் லேகியத்துக்குப் பதில் பழம் கொடுங்கள்.