ரிட்டுக்சிமாப் டிரிப்: பல சுற்றுகள் ஏறிய பிறகு தெரிவது

முடக்குவாதத்துக்கு ரிட்டுக்சிமாப் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான பி செல்களை அழிக்கும் மருந்து) ஏற்றிக்கொள்பவர்களில் பலர் முதல் மாதத்திலேயே "பலன் இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசரம்தான். முதல் வாரத்தில் கிடைக்கும் சுகம் பெரும்பாலும் கூடவே போடும் ஸ்டீராய்டால் வருவது. அது வடிந்ததும் வலி திரும்பும். மருந்தின் சொந்தப் பலன் தெரிய 8 முதல் 16 வாரம் ஆகலாம்.

இத்தனைக்கும் ரத்தத்தில் பி செல்கள் சில நாட்களிலேயே ஏறக்குறைய காணாமல் போய்விடும். பிறகு ஏன் தாமதம்? மருந்து பிடிப்பது பி செல்களின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தை. எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) சுரந்து தள்ளும் பிளாஸ்மா செல்களில் அது கிடையாது, அவை தப்பிவிடும். டி செல்கள் என்ற இன்னொரு வகை நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதும் அழற்சிச் சுரப்புகளை வெளியிடுவதும் பி செல்களின் வேலை. அது நின்ற பிறகுதான் மூட்டு மெல்ல அடங்கும். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் அல்லது ஆன்டி சிசிபி (முடக்குவாதத்தில் காணப்படும் எதிர்ப்பொருள்கள்) பாசிட்டிவ் உள்ளவர்களுக்குப் பலன் கூடுதல்.

வழக்கமான சுற்று: 1000 மி.கி., 2 வாரம் கழித்து இன்னொரு 1000. அரை மணி நேரம் முன்பே மெத்தில்பிரெட்னிசோலோன் 100 மி.கி., கூடவே பாராசிட்டமால், அலர்ஜி மருந்து. முதல் டிரிப் மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டி, 400 வரை போகலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். "சீக்கிரம் விடுங்க சிஸ்டர்" என்று கேட்காதீர்கள். தொண்டை அரிப்பு, நடுக்கம், பிரஷர் இறக்கம் எல்லாம் பெரும்பாலும் பி செல்கள் அழியும்போது கொட்டும் சுரப்புகளால் வருபவை. பெரும்பாலும் நிறுத்தி, அடங்கியதும் பாதி வேகத்தில் தொடரலாம். பிரஷர் மாத்திரையை 12 மணி நேரம் முன்பே நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை இல்லாமல் முதல் டிரிப்பே கூடாது. ஆன்டிஜென் (வைரஸின் மேற்பரப்புப் புரதம்) மட்டும் போதாது, பழைய தொற்றையும் காட்டும் கோர் எதிர்ப்பொருளும் பார்க்க வேண்டும். உறங்கிக் கிடக்கும் வைரஸ் விழித்தால் கல்லீரலே செயலிழக்கலாம். நிமோனியா போன்ற உயிரற்ற தடுப்பூசிகளை 4 வாரம் முன்பே முடிக்க வேண்டும். பி செல் இல்லாத உடம்பில் ஊசி போட்டும் பெரிய பயன் இராது.

பி செல்கள் மீள 6 முதல் 12 மாதம் ஆகலாம். அடுத்த சுற்று பொதுவாக 24 வாரத்தில். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள முக்கிய எதிர்ப்பொருள்) அளவைப் பாருங்கள்: சுற்றுகள் கூடக் கூட அது சரியலாம், சைனஸ், நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வரலாம். பி செல் எண்ணிக்கைக்கு, அவற்றின் மேலுள்ள இன்னொரு புரதமான சிடி19-ஐப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள்; சிடி20-ஐ மருந்தே மூடியிருக்கும். டிரிப் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகு காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தத்தில் நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். அது தாமதமாகவும் இறங்கலாம்.