ஆட்டிசம் சேவைக்கு நன்கொடை: மொத்தமாகவா, மாதாமாதமா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சேவைக்குப் பணம் கொடுப்பது என்று முடிவான பிறகு எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு மையத்துக்கு மொத்தமாகக் கொடுத்து சென்சரி அறை, அதாவது சத்தத்தையும் வெளிச்சத்தையும் குழந்தைக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளும் அறை, அமைத்துத் தருவது ஒன்று. அதே தொகையைப் பிரித்து, இன்னதற்குத்தான் என்று நிபந்தனை வைக்காமல் மாதாமாதம் கொடுப்பது இன்னொன்று. நான் எடுத்தது இரண்டாவது வழி. யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

முதல் வழியின் நன்மைகள் தெரிந்தவைதான். கொடுத்தது கண்ணுக்குத் தெரியும், கணக்குக் கேட்பதும் சுலபம். சத்தமும் வெளிச்சமும் தாங்காத குழந்தைக்கு அப்படியோர் அறை பெரிய ஆறுதல். ஆனால் குழந்தையை அங்கே அழைத்துப் போய்க் கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டுமே! அறை கட்டித் தர முன்வருகிறவர்கள் பலர், அந்த ஆளின் சம்பளத்துக்கு முன்வருகிறவர்கள் குறைவு.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தச் சம்பளம்தான். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பைப் பதிவு செய்திருக்கிறார். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேட்டின் ஆட்டிசம் வரையறையிலும் அது இடம்பெறுகிறது. இப்படிப்பட்ட குழந்தைக்கு ஆசிரியர் மாறுவது சின்ன விஷயமில்லை. ஒருவரின் குரலுக்குப் பழகி, அவர் வைத்திருக்கும் பட அட்டையைத் தொட்டுத் தண்ணீர் கேட்கத் தொடங்கியிருக்கும். சம்பளம் போதாமல் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், புதியவரின் பக்கத்தில் வந்து உட்காரவே வாரக்கணக்கில் ஆகலாம். அட்டைகள் அங்கேயேதான் இருக்கும். எந்த முனகலுக்கு என்ன தேவை என்று அறிந்தவர் இருக்கமாட்டார். ஓராண்டு மானியத்தை நம்பி ஆள் எடுக்கும் அமைப்புக்கு ஆண்டு முடியும்போதெல்லாம் இந்த இழப்பு காத்திருக்கிறது. அடுத்த மாதமும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் ஒருவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியும்.

குடும்பத்துக்கான உதவியும் இதே ஆட்களைச் சார்ந்ததுதான். பெற்றோர் சில மணி நேரம் தூங்கவோ, மற்ற பிள்ளையைக் கவனிக்கவோ வேண்டுமென்றால், குழந்தை பழகிய ஒருவரிடம் மட்டுமே விட்டுப் போக முடியும். பெற்றோர் பயிற்சியும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பராமரிப்பாளர் பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் உண்டு. நிபுணராக இல்லாதவர்களும் பயிற்சி பெற்று அதை நடத்தலாம். இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள 152 குழந்தைகளை வைத்து நடந்த பேக்ட் என்ற பெற்றோர் பயிற்சி ஆய்வில் ஒரு பிரிவின் பெற்றோர், தாங்கள் குழந்தையோடு விளையாடும் வீடியோவைத் தெரபிஸ்டுடன் சேர்ந்து பார்த்துப் பழகினார்கள். பயிற்சி முடிந்து ஏறக்குறைய 6 ஆண்டுகள் கழித்தும் அந்தக் குழந்தைகளிடம் அறிகுறிகளின் தீவிரம் மற்றப் பிரிவைவிடக் குறைவாக இருந்ததாக 2016இல் முடிவு வெளியானது. இதில் பெரிய கருவி எதுவும் இல்லை. கூட உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஓர் ஆள்தான் முக்கியம்.

நிபந்தனையில்லாத பணத்தை நம்பித்தான் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருந்த ஊழியர்களில் எத்தனை பேர் இன்றும் இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் பொருளாக வாங்கித் தருவதே மேல். இடமே இல்லாமல் தொடங்கும் புதிய மையத்துக்கும் மொத்தத் தொகைதான் உதவும். நான் பழகியது சிறுவர்களுக்கான மையங்களோடு மட்டும் என்பதால், வளர்ந்தவர்களுக்கான தங்குமிடச் சேவைக்கு இதே கணக்கு பொருந்துமா என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

கையில் ஒரே தடவைக்கான தொகைதான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. இதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருவரின் சம்பளமாகப் பிரித்துக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.