இரண்டு செல்லிலிருந்து 3.3 வோல்ட்: எம்டி3608 மாட்யூலா, எம்சிபி1640 வைத்து நாமே கட்டுவதா?

மொட்டை மாடியில் வைக்க ஒரு வெப்பநிலை சென்சார் கட்டியிருக்கிறேன். மூளையாக ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், வெப்பநிலையை அளக்க டிஎஸ்18பி20, தகவலைக் கீழே வீட்டுக்குள் அனுப்ப என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ. பெட்டி சின்னது, அதனால் மின்சாரத்துக்கு இரண்டு டபுள் ஏ ரீசார்ஜ் செல்தான். இங்கேதான் சிக்கல். டிஎஸ்18பி20-க்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும். இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லையும் சேர்த்தால் 2.4 தான் வரும். ரேடியோவோ 3.6-க்கு மேல் தாங்காது. ஆக 2.4-ஐ 3.3-க்கு ஏற்றி அங்கேயே நிறுத்தி வைக்க ஒரு பூஸ்ட் கன்வர்ட்டர் வேண்டும். எம்டி3608 ஐசி வைத்துக் கட்டி விற்கும் மாட்யூலையும் வைத்துப் பார்த்தேன், எம்சிபி1640 ஐசியை வைத்து நானே ஒன்றைக் கட்டியும் பார்த்தேன். இப்போது பெட்டிக்குள் இருப்பது எம்சிபி1640.

முதலில் வேறு இரண்டு வழிகளைத் தள்ளிவிடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எளிதாகக் கிடைக்கும் எம்சி34063 பழைய, நம்பகமான ஐசி; எட்டுக் கால் டிப் வடிவம் என்பதால் சால்டர் செய்யச் சுகம். ஆனால் அதற்கே உள்ளே வர 3 வோல்ட் வேண்டும், இரண்டு செல்லுக்கு ஒத்துவராது. ஒரே டிரான்சிஸ்டரில் ஓடும் ஜூல் தீஃப் செத்த செல்லிலும் எல்இடியை எரிய வைக்கும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தாது. ரேடியோவை அதில் மாட்ட முடியாது.

எம்டி3608 நீல நிறச் சின்ன மாட்யூலாக வருகிறது. நூறு ரூபாய்க்குள் முடியும், நான்கு ஒயர் சால்டர் செய்தால் வேலை தீர்ந்தது. 2 வோல்ட் முதல் 24 வரை உள்ளே வாங்கும், 28 வரை வெளியே தரும். 2 ஆம்பியர் என்று விற்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 3.7 வோல்ட் லித்தியம் செல்லிலிருந்து 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்க வேண்டுமென்றால் செல் பக்கம் 7 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஐசியின் உள் சுவிட்ச் 4 ஆம்பியரிலேயே நிறுத்திக்கொள்ளும். இதெல்லாம் பெரிய சுமைக்காரர்களின் கவலை. என் சென்சார் ரேடியோ பேசும் சில மில்லி செகண்டில்கூட 20 மில்லி ஆம்பியரைத் தொடாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: சும்மா இருக்கும்போது கன்வர்ட்டர் எவ்வளவு குடிக்கிறது?

சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கிறது, அளக்கிறது, அனுப்புகிறது, மறுபடி தூங்குகிறது. தூக்கத்தில் மொத்தச் சர்க்யூட்டும் 10 மைக்ரோ ஆம்பியருக்குள். விழிப்பையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 15 மைக்ரோ ஆம்பியர் பக்கம். இப்போது எம்டி3608 மாட்யூலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வோல்டேஜை மாற்றத் திருகும் ப்ரீசெட் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், அதற்குக் கீழே கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் 2.2 கிலோ ஓம். ஐசி அந்தச் சந்திப்பை எப்போதும் 0.6 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். 0.6-ஐ 2.2 கிலோவால் வகுத்தால் 270 மைக்ரோ ஆம்பியர். சென்சார் தூங்கினாலும் விழித்தாலும், யாருக்கும் பயனில்லாமல், இரவும் பகலும் அந்த ஒரு ரெசிஸ்டரில் ஓடுகிற கரண்ட் இது. 3.3 வோல்ட் பக்கம் 270 என்றால், 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டாலும் செல் பக்கம் 470. ஐசியின் சொந்தச் செலவு 100 மைக்ரோ ஆம்பியர் தனி. எல்லாம் சேர்ந்து அரை மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும்.

அரை மில்லி என்றே வைத்தாலும் மாதத்துக்கு 360 மில்லி ஆம்பியர் ஹவர். 2000 கொள்ளளவு உள்ள செல் ஐந்தரை மாதத்தில் காலி, அதுவும் சென்சாருக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமலே. 15 மைக்ரோ ஆம்பியர் சாப்பிடுகிறவனுக்குப் பரிமாற வந்த ஆள் 500-ஐத் தின்றுவிட்டுப் போகிறான். திறன் 93 சதவீதம், 97 சதவீதம் என்று விற்பனைப் பக்கங்களில் போடுகிறார்களே, அது நல்ல சுமை இருக்கும்போது அளந்தது. தூங்கும் சர்க்யூட்டுக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

மாட்யூலைத் திருத்த முடியாதா என்றால், ஓரளவு முடியும். ப்ரீசெட்டையும் 2.2 கிலோவையும் கழற்றிவிட்டு மேலே 100 கிலோ, கீழே 22 கிலோ வைத்தால் 3.33 வோல்ட் வரும், அந்த ரெசிஸ்டர் செலவும் பத்தில் ஒரு பங்காகும். இன்னொரு நன்மையும் உண்டு. அந்த ப்ரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டுப்போனால் ஐசி வோல்டேஜ் குறைந்துவிட்டதாக நினைத்து முழு மூச்சாக ஏற்றும். ரேடியோ அங்கேயே முடிந்தது. மாடி வெயிலிலும் தூசியிலும் கிடக்கும் பொருளில் ப்ரீசெட்டே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் இவ்வளவும் செய்த பிறகும் ஐசியின் 100 மைக்ரோ ஆம்பியர் அப்படியே நிற்கிறது. அணைத்து வைக்கலாம் என்றால், ஐசியை இயக்கவும் அணைக்கவும் உள்ள எனேபிள் கால் போர்டிலேயே பாசிட்டிவோடு இணைந்திருக்கிறது. அதை வெட்டினாலும் காயில், டயோடு வழியாகச் செல்லின் வோல்டேஜ் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும்.

எம்சிபி1640-இன் சொந்தச் செலவு 19 மைக்ரோ ஆம்பியர். வெளியே 976 கிலோ ஓம், 562 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் 3.3 வோல்ட்; அவை இரண்டும் சேர்ந்து எடுப்பது 2 மைக்ரோ ஆம்பியர்தான். டயோடு வேண்டாம், அந்த வேலையையும் உள்ளே இருக்கும் சுவிட்சே பார்க்கிறது. சென்சாரையும் சேர்த்துச் செல் பக்கம் 60 மைக்ரோ ஆம்பியர் சுமார் வரும், மாதத்துக்கு 45 மில்லி ஆம்பியர் ஹவருக்குள். காகிதத்தில் மூன்று வருடத்துக்கு மேல். ரீசார்ஜ் செல் தானாகவே இறங்கும் என்பதால் அவ்வளவு வராது. நான் எதிர்பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறை சார்ஜ்.

வாங்கும்போது எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். எண்ணுக்குப் பின்னால் எழுத்தே இல்லாத எம்சிபி1640 சுமை குறைந்தால் தானாகச் சிக்கனத்துக்கு மாறும், அணைத்தால் வெளிப்பக்கத்தை முழுதாகத் துண்டிக்கும். 'பி', 'டி' என்று முடிபவை அந்தச் சிக்கனத்துக்கு மாறாதவை, இந்த வேலைக்கு ஆகாது. 'சி' சிக்கனம்தான், ஆனால் அணைத்தால் செல்லை நேராக வெளியே இணைத்துவிடும்.

கட்டுவதில் சிரமம் உண்டு, மறைக்கவில்லை. எஸ்ஓடி-23 வடிவம், ஆறு கால், இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவு. அடாப்டர் போர்டில் ஒரு பேடுக்கு மட்டும் ஈயம் வைத்து, ட்வீசரில் ஐசியைப் பிடித்து அந்த ஒரு காலை ஒட்டி, நேராக இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுவது நல்லது. காயில் 4.7 மைக்ரோ ஹென்றி, குறைந்தது 1 ஆம்பியர் தாங்குவது. இரண்டு செராமிக் கெப்பாசிட்டரும் ஐசியை ஒட்டியே வர வேண்டும். 500 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் சர்க்யூட்டை ப்ரெட்போர்டில் நீள ஒயரோடு சோதித்துவிட்டு ஐசி சரியில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

சும்மா இருக்கும்போது ஓடும் ஐடில் கரண்டை அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்து நேரே மாட்டினால் கன்வர்ட்டர் கிளம்பவே கிளம்பாது. தொடக்கத்தில் அது இழுக்கும் கரண்டில் மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்துவிடும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒரு ஒயரால் ஷார்ட் செய்து, கன்வர்ட்டர் கிளம்பிய பிறகு ஒயரை எடுங்கள். உள்பக்கம் 1000 மைக்ரோ ஃபாரட் ஒன்றைச் சேர்த்தால் குதிக்கும் எண்ணும் அடங்கி நிற்கும்.

எம்சிபி1640-இல் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. 0.65 வோல்ட்டிலேயே கிளம்பி, 0.35 வரை விடாமல் உறிஞ்சும். ஆல்கலைன் செல்லுக்கு இது வரம். ரீசார்ஜ் செல்லுக்கு அப்படியில்லை. இரண்டில் பலவீனமானது முதலில் காலியாகி, மற்றது அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும். எம்டி3608 2 வோல்ட் பக்கம் வந்ததும் தளர்ந்துவிடுவதால் இந்த இடத்தில் அதுவே பாதுகாப்பு. நான் செல்லின் பாசிட்டிவை 10 கிலோ ஓம் வழியாக ஏடிமெகாவின் ஒரு அனலாக் காலுக்குக் கொடுத்திருக்கிறேன். 2.1 வோல்ட்டுக்கு இறங்கினால் வெப்பநிலையோடு ஒரு எச்சரிக்கையும் வரும், போய்ச் செல்லை மாற்ற வேண்டியதுதான். ஆளில்லாத இடத்தில் வைப்பவர்கள் செல் இறங்கினால் கன்வர்ட்டரை அணைக்க ஒரு வோல்டேஜ் டிடெக்டரை எனேபிள் காலில் மாட்டிக்கொள்ளலாம். நான் அப்படி ஓட்டிப் பார்த்ததில்லை.

எஸ்ஓடி-23 பயமாக இருந்தால் ஹோல்டெக்கின் எச்டி7733 இருக்கிறது. மூன்று கால், டிரான்சிஸ்டர் போன்ற டிஓ-92 வடிவத்திலேயே கிடைக்கும், 3.3 வோல்ட் நிலையாகத் தரும். சொந்தச் செலவு எம்சிபி1640-ஐவிடக் குறைவு என்கிறது டேட்டாஷீட். மேஜையில் கொஞ்ச நேரம் ஓட்டினேன், குறையொன்றும் தெரியவில்லை. மாடியில் மாதக்கணக்கில் ஓட்டிய அனுபவம் இல்லாததால் அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

பெட்டியில் நான்கு செல்லுக்கு இடமிருக்கிறதா? அப்படியானால் பூஸ்டே வேண்டாம். எம்சிபி1700 ரெகுலேட்டர் 1.6 மைக்ரோ ஆம்பியரில் 4.8-ஐ 3.3-க்கு இறக்கித் தரும். மாறாக, 18650 லித்தியம் செல்லிலிருந்து 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், சுவிட்ச் போட்டால் ஓடி அணைத்தால் நிற்கும் விளக்கு என்றால் யோசிக்காமல் எம்டி3608-ஐயே வாங்குங்கள். சுவிட்சை மட்டும் செல்லுக்கும் மாட்யூலுக்கும் நடுவே வையுங்கள், மாட்யூலுக்குப் பிறகு அல்ல.