வாசிப்பைக் கேட்பது யார்: வகுப்பாசிரியரா, குழுவா?

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கான தேர்வுகள் 2019-இல் நீக்கப்பட்டன. தேர்வுத்தாள் போன பிறகு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. அதைப் பள்ளி முழுவதும் எப்படி நடத்துவது என்பதில், பினாங்கில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில் இரண்டு தரப்பாக நின்றோம். அவரவர் வகுப்பை அவரவரே கேட்கலாம் என்றார்கள் சிலர். நால்வர் குழு நூலகத்தில் அமர்ந்து ஒரே காலையில் முடிக்கட்டும் என்றோம் மற்றவர்கள்.

முதலில் நேரக் கணக்கு. பிள்ளைக்கு 6 நிமிடம் என்றால், 30 பேர் வகுப்புக்கு 3 மணி நேரம், அதாவது அரைமணிப் பாடவேளைகள் ஆறு. அதுவரை மீதி 29 பேரை யார் பார்த்துக்கொள்வது? ஆசிரியர் கிடைத்த இடைவெளியில் இருவர் மூவராகக் கேட்பார்; வேலை இரண்டு வாரம் இழுக்கும். கடைசிப் பிள்ளையின் முறை வருவதற்குள் வாசிப்புப் பத்தி அதற்கு மனப்பாடமாகியிருக்கும். குழுவோ 90 பேரை இரண்டேகால் மணி நேரத்தில் கேட்டுவிடும்.

ஆனால் புதிய முகம் பிள்ளையின் குரலை அடைத்துவிடுகிறது. என்னிடம் தடையின்றி வாசிக்கும் முதலாம் ஆண்டுச் சிறுமி, குழுவின் முன் தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். பதிவேட்டில் 'வாசிக்கவில்லை' என்று விழுந்தது. அன்று என் மனம் ஆறவில்லை.

மதிப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. 'பழம்' என்பதை 'பளம்' என்று வாசித்தால் அது பிழையா? வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றால், எழுத்தை அறிந்த பிள்ளையைத் தெரியாதவன் என்று குறிப்பது அநியாயம். ஆனால் 'பள்ளி'யைப் 'பல்லி' என்றால் பொருளே மாறிவிடுகிறது. வகுப்பாசிரியர்கள் தனித்தனியாகக் கேட்கும்போது இதை ஆளுக்கொரு விதமாக முடிவு செய்வார்கள். குழுவினர் ஒரே ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பெண் போட்டு, வேறுபாட்டைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.

கருவியைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் டிபெல்ஸ் என்ற வாசிப்புத் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை, ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணுகிறது. 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பதை ஒரே சொல்லாக எழுதும் மொழிக்கு அந்த எண்கள் பொருந்தா. எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாக ஏறும், இந்தியாவின் அசர் என்ற கல்விக் கணக்கெடுப்பின் முறையே நமக்கு நெருக்கம்.

ஆகவே நான் குழுவின் பக்கம், ஒரு நிபந்தனையுடன்: வாய் திறக்காத பிள்ளையின் பெயருக்கு நேரே எந்த நிலையும் எழுதக்கூடாது, மறுநாள் வகுப்பாசிரியர் வேறொரு பத்தியுடன் கேட்க வேண்டும். அந்தச் சிறுமியை அப்படித்தான் கேட்டேன். பத்தி முழுவதும் வாசித்தாள். 'ழ' வந்த இடங்களில் மட்டும் நிறுத்தி என் வாயைப் பார்த்தாள்.