யூத ஜெபாலயத்தின் ஞாயிறு பள்ளி: ஒரு தாயின் மதிப்பீடு

நியூ ஜெர்சியில் எங்கள் ஊரிலுள்ள சீர்திருத்தப் பிரிவு யூத ஜெபாலயம் நடத்தும் சமயப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு முதல் படித்து வருகிறாள். என் கணவர் யூதர். நான் மதுரையில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளையும் யூதர் என்பது மரபுவழிப் பிரிவுகளின் நிலைப்பாடு. தந்தை மட்டும் யூதராக இருந்தாலும், பிள்ளை யூத முறைப்படி வளர்க்கப்பட்டால் ஏற்றுக்கொள்ளலாம் என்று அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவின் ரபிகள் எனப்படும் மதகுருக்களின் அமைப்பு 1983இல் தீர்மானித்தது. எனவே எங்களைப் போன்ற கலப்புமணக் குடும்பங்கள், ஜெபாலயம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். இங்கே எங்களை ஒருவரும் வெளியாராக நடத்தியதில்லை.

ஞாயிறு காலையில் யூதர்களின் மறைநூலான தோராவின் கதைகளும் பண்டிகைகளும் கற்பிக்கப்படுகின்றன. வார நடுவில் ஒரு மாலை எபிரேய வகுப்பு. பள்ளியின் பெரிய பலம் எழுத்துக் கற்பிக்கும் முறைதான். தாலெத், ரேஷ் ஆகிய இரண்டு எபிரேய எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே வடிவம் கொண்டவை. ஒன்றன் மேல்மூலை கூராகவும் மற்றதன் மூலை வளைவாகவும் இருப்பதே வேறுபாடு. ஆசிரியை இதைப் பலகையில் எழுதிக் காட்டியதோடு நிறுத்தாமல், தோராச் சுருளையே மேசைமேல் விரித்து, தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 6:4 வசனத்தின் கடைசி எழுத்தான தாலெத் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார். படிப்பவர் அதை ரேஷ் என்று மயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதினார்கள் என்பது மரபான விளக்கம். அதன் பிறகு என் மகள் அவ்விரு எழுத்துகளையும் குழப்பிக்கொண்டதே இல்லை.

இப்போது அவள், பெண் பிள்ளை சபை முன் தோரா வாசிக்கும் பருவச் சடங்கான பாத் மிட்ஸ்வாவுக்குத் தயாராகி வருகிறாள். சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, ராகக் குறிகளும் இல்லை. ஆகவே ஒரு பத்தியில் குறிகளுடனும், அடுத்த பத்தியில் சுருளில் உள்ளபடி வெறும் எழுத்துகளாகவும் அச்சிடப்பட்ட 'திக்கூன்' என்னும் பயிற்சி நூலை வைத்து, குறியுள்ள பத்தியை அட்டையால் மறைத்துக்கொண்டு பாடிப் பழகுகிறாள். ஜெபாலயத்தின் பாடகர் ஒவ்வொரு பிள்ளையுடனும் தனியாக அமர்ந்து பிழை திருத்துகிறார். இந்த அக்கறைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 1922இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற 12 வயதுச் சிறுமிக்கு இச்சடங்கு நடந்தபோது, அவர் அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசித்தார். இன்று பெண் பிள்ளைகள் சுட்டுகோலைக் கையில் ஏந்திச் சுருளிலிருந்தே வாசிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமிதம் பொங்குகிறது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், பொருள் புரியாமலேயே படிக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் ஊறிவிடுகிறது. ஒரு பக்க ஜெபத்தைத் தடுமாறாமல் வாசிக்கும் என் மகளிடம் அதில் ஏதேனும் ஒரு வரியின் பொருளைக் கேட்டால் விழிக்கிறாள். வாரத்துக்குச் சில மணி நேர வகுப்பில் ஒரு மொழியையே கற்றுத்தர இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றாடம் சொல்லும் நான்கைந்து ஜெபங்களையாவது சொல்லுக்குச் சொல் விளக்கலாம். இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்தும் இதுவரை மாற்றம் ஏற்படவில்லை.

பள்ளிக் கட்டணம் தனி. சபை உறுப்பினர் சந்தா தனி. வசதி குறைந்தவர்கள் தயங்காமல் சலுகை கேட்கலாம், துருவித் துருவி விசாரிக்க மாட்டார்கள். வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர் நிற்பதைக் கண்டு புதிதாக வருபவர்கள் திகைக்கக்கூடும். 2018இல் பிட்ஸ்பர்க் ஜெபாலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், பதிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிறு வகுப்பில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். எபிரேய வகுப்பையும் தவறாமல் பாருங்கள், ஜெபங்களின் பொருளை எப்போது கற்பிப்பீர்கள் என்றும் கேளுங்கள். பல பெற்றோர் கேட்டால்தான் அது நடக்கும்.