பதினாறு வகை ஆளுமைத் தேர்வு: அதிகம் பேசாதவர்களுக்கு எவ்வளவு உதவும்?

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பதினாறு வகை ஆளுமைத் தேர்வைப் பற்றியது இந்த மதிப்புரை. அதிகம் பேசாதவர்களும், யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல்லை இரவெல்லாம் மனத்தில் சுமப்பவர்களும், ‘இவளுக்குத் தலைக்கனம்’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களும்தான் இதைப் பெரும்பாலும் தேடிப் போகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. ராமேசுவரம் தீவின் கடலோர ஊரான தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன், பள்ளி ஆசிரியை.

தேர்வு எளிமையானது. ஒவ்வொரு கூற்றையும் படித்து, அது நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று குறித்துக்கொண்டே போனால், கால் மணி நேரத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு வகைப்பெயரும் அதற்கான விளக்கமும் கிடைத்துவிடும். ஒவ்வோர் எழுத்தும், தனிமையில் தெளியும் உள்முகமா, கூட்டத்தில் உற்சாகம் கொள்ளும் வெளிமுகமா என்பதுபோல், இரண்டில் நாம் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கும். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூலே இந்தப் பகுப்புக்கு அடிப்படை. அதை வினாத்தாளாக மாற்றியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸ் என்பவரும் அவருடைய மகள் இசபெல் மையர்சும். இருவருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதன்முறையாக வேலைக்குப் போன பெண்கள் தங்கள் இயல்புக்கு ஏற்ற பணியைக் கண்டுகொள்ள உதவ வேண்டும் என்ற நல்லெண்ணமே இசபெலை இந்த வேலையில் இறக்கியது. இன்று இணையத்தில் உலவும் இலவசத் தேர்வுகள் பலவும் அந்த மூல வினாத்தாளின் சாயலில் பிறர் செய்தவை.

முடிவைப் படித்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் இருந்தால் களைத்துப்போவது, தனியாகச் சற்று நேரம் இருந்தால்தான் தெளிவது, பேசுவதற்கு முன் நெடுநேரம் யோசிப்பது, சண்டைச் சத்தம் கேட்டால் உடம்பு பதறுவது ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பக்கம் ஒரு மனிதரின் இயல்பாக விவரித்திருந்தது. சிறு வயதிலிருந்து ‘வாயில் என்ன கொழுக்கட்டையா?’ என்று கேட்கப்பட்டு வந்த எனக்கு, இவற்றைக் குறையாகக் கருதாத ஓர் எழுத்து முதன்முறையாக வாசிக்கக் கிடைத்தது. இந்த ஒன்றுக்காகவே, மனம் நொந்திருக்கும் ஒருவரிடம் ‘ஒருமுறை எழுதிப் பார்’ என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்த வினாக்கள் எங்கள் கரையின் வாழ்க்கையை அறியாதவை. விருந்தில் முன்பின் தெரியாதவரிடம் நாமே போய்ப் பேசுவோமா, வார இறுதியை நண்பர்களோடு கழிக்க விரும்புவோமா என்ற போக்கிலேயே அவை அமைந்திருக்கின்றன. இங்கே முன்பின் தெரியாதவரைச் சந்திக்கும் விருந்துகள் குறைவு. கல்யாண வீடு, துக்க வீடு, கோயில் கொடை, மாதா திருவிழா என்று போகுமிடமெல்லாம் தெரிந்த முகங்கள்தாம். அவர்களிடம் நலம் விசாரிப்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று, கடமை. துக்க வீட்டில் வாய்விட்டு அழாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ‘கல் நெஞ்சுக்காரி’ என்ற பெயர் வந்துவிடுகிறது. அவளுடைய துக்கத்தை எந்த வினாவும் தொடுவதில்லை. இதே ஊரில் கரைவலை இழுக்கும் இடத்திற்குப் போய்ப் பாருங்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர்களில் யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. கை ஓடினால் போதும். பேசாதவர்கள் மனிதரை வெறுப்பவர்கள் அல்லர் என்பதையும், செய்ய ஒரு வேலை இருந்தால் கூட்டத்தோடு நிறைவாக இருக்கக்கூடியவர்கள் என்பதையும் நான் அங்கேதான் கண்டிருக்கிறேன்.

அடுத்த குறை இன்னும் அடிப்படையானது. இந்தத் தேர்வு மனிதரை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று பிரித்து நிறுத்துகிறது. உண்மையில் மதிப்பெண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பெரும்பாலோர் நடுப்பகுதியிலேயே நிற்கிறார்கள். அதனால் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதுகிறவர்களில் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். எனக்கும் மாறியது. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் எங்கள் குடும்பத்து விசேஷங்களெல்லாம் அப்போதுதான் நடக்கும். ஒலிபெருக்கி ஓயாத அந்த நாள்களில் எழுதியபோது ஒரு வகை வந்தது, ஐப்பசி மழையில் வீடு அடங்கியிருந்தபோது எழுதியதற்கு வேறு வகை வந்தது.

முதலில் வந்த வகை, மிகவும் அரிதானது என்று இணையமெங்கும் புகழப்படுவது. புரிந்துகொள்ளப்படாத மனத்துக்கு அந்தப் புகழ்ச்சி மிகவும் இனிக்கும் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ‘நான் அரிதானவள், ஆகவே என்னை யாராலும் புரிந்துகொள்ள முடியாது’ என்று முடிவுகட்டிக்கொண்டால், நம்மைப் புரிந்துகொள்ள உண்மையாகவே முயல்கிற ஒருவருக்கும் கதவைச் சாத்திவிடுகிறோம்.

கூச்சம், தனிமை விருப்பம், எளிதில் நோகும் தன்மை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுவது இன்னொரு குறை. எலைன் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் தம் கணவருடன் சேர்ந்து, நுண்ணுணர்வு மிக்கவர்களுக்கென 27 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். ஓசை, வெளிச்சம், வாசனை, பிறருடைய மனநிலை ஆகியவை ஒருவரை எவ்வளவு ஆழமாகப் பாதிக்கின்றன என்பதையே அது கேட்கிறது. மக்களில் 15 முதல் 20 விழுக்காட்டினர் இத்தகையவர்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கலகலப்பாகப் பழகுகிறவர்களே என்றும் அவர் கணித்தார். எனக்கு இது பதினாறு வகைத் தேர்வைவிட அதிகம் பயன்பட்டது. காரணம், இது ஒரு பெயரைத் தந்து நிறுத்தாமல், எது என்னைத் துன்புறுத்துகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வைத்தது.

அந்தத் தனித்தனி விவரங்களைத்தான் வீட்டாரிடம் சொல்ல முடிந்தது. நான்கு எழுத்து முடிவை மதினியிடம் காட்டியபோது, “இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தா நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிற, அதச் சொல்லு” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் தலை வலிப்பதையும், பலர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் எழும்பாது என்பதையும், அவர்கள் வீட்டின்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை என்பதையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்ப நம்ம வீட்டுக் கல்யாணத்துல நீ மொய் எழுத உக்காரு, உன் கையெழுத்தும் நல்லா இருக்கும்” என்றார். வந்தவர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள்; பெயரும் ஊரும் கேட்டு எழுதும்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை நிம்மதியாகப் பேச முடிந்தது. என் உறவினரில் பலருடன் நான் முழுமையாகப் பேசிய நாள் அதுதான்.

ஆசிரியை என்பதால் ஒரு கவலையையும் பதிவு செய்கிறேன். ஒரு பயிற்சி முகாமில் இந்தத் தேர்வை எழுதச் சொல்லி, வந்த எழுத்துகளை வைத்து எங்களைப் பிரித்து உட்காரவைத்து, உள்முகமானவர்கள் தலைமைப் பொறுப்புக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற பொருளில் பயிற்சியாளர் பேசினார். மூல வினாத்தாளை வெளியிடுகிறவர்களே அதை ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று கூறுகிறார்கள். வகுப்பில் கை தூக்காத பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எழுதித் தரச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதும். அந்தப் பிள்ளையின் நெற்றியில் எந்த எழுத்தையும் ஒட்டிவிடாதீர்கள் என்று சக ஆசிரியர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இலவச முடிவோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டணம் கேட்கும் விரிவான அறிக்கை, அதே செய்தியை நீட்டித் தருகிறதே தவிர, செலவழிக்கும் பணத்துக்கு ஈடான எதையும் தரவில்லை. எழுதுவதானால் மனம் அமைதியாக உள்ள ஒரு நாளிலும் களைத்திருக்கும் ஒரு நாளிலும் எழுதி, மாறாமல் வரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல வாரங்களாகத் தூக்கமில்லாமலோ, யாரையும் பார்க்கவே பிடிக்காமலோ, வாழ்வதில் வெறுப்புடனோ இருக்கிறவர்களுக்கு இந்தத் தேர்வு பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடம் போக வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 14416இல் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசவும் முடியும்.